கரடி ஆல்பிரெக்ட்: எல்பே ஆற்று எல்லைப் பிரபுவைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெர்மனியில் பெர்லினைச் சுற்றியுள்ள பிராண்டன்பர்க்கின் வரலாற்றைப் பற்றிப் பேச்செடுத்தாலே எனக்கு ஒரே மாதிரிச் சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. பாதிப் பேர் ஆல்பிரெக்டை ஸ்லாவியரை அடக்கிய மாவீரர் என்று வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். மீதிப் பேர் ஊரைக் கொள்ளையடித்தவர் என்று முடிவு கட்டிவிட்டுக் கேட்கிறார்கள். அவர் தன் ஆயுளில் பெரும்பகுதியைச் சொந்த இனத்தாரோடும் உறவினரோடும் மல்லுக்கட்டியே கழித்தார் என்பது இரண்டு தரப்புக்கும் தெரிவதில்லை. அதனால் கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதில்களை ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது, பின்னால் வரும் பதில்கள் முன்னதை நம்பி நிற்கின்றன.

யாருங்க இந்த ஆல்பிரெக்ட்? எந்தக் காலம்?

12-ஆம் நூற்றாண்டு. சுமார் 1100-ல் பிறந்தார், 1170 நவம்பரில் இறந்தார். அப்பா ஓட்டோ, ஹார்ஸ் மலையடிவாரத்தில் இருக்கும் பல்லென்ஷ்டெட் ஊரின் பிரபு. அம்மா ஈலிக்கா, சாக்சனியை ஆண்ட டியூக் மாக்னுஸ் பில்லுங்கின் மகள். இவர்கள் வம்சத்துக்கு அஸ்கானியர் என்று பெயர்.

அம்மா வழிதான் இங்கே முக்கியம், மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மாக்னுஸுக்கு ஆண் வாரிசு இல்லை, இரண்டு மகள்கள்தான். மூத்தவள் வுல்ஃப்ஹில்ட் பவேரியாவின் வெல்ஃப் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டாள், இளையவள் ஈலிக்கா பல்லென்ஷ்டெட்டுக்கு வந்தாள். தாத்தாவின் சொத்து யாருக்கு என்ற கேள்வி இரண்டு தலைமுறைக்குச் சாக்சனியைத் தூங்கவிடவில்லை.

மார்க்ரேவ்னா என்ன? ராஜாவா, கவர்னரா?

இரண்டும் இல்லை, இரண்டிலும் கொஞ்சம் உண்டு. ஜெர்மானிய அரசின் விளிம்பில் இருந்த பகுதிகளுக்கு ‘மார்க்’ என்று பெயர். அதைக் காக்கும் பிரபு மார்க்ரேவ். உள்நாட்டுப் பிரபுவைவிட இவருக்கு அதிகாரம் கூடுதல். எல்லையில் ஆபத்து வந்தால் அரசரின் ஓலைக்குக் காத்திராமல் படை திரட்டலாம், கோட்டை கட்டலாம், அரசர் பெயரில் நியாயம் தீர்க்கலாம். பதவியைக் கொடுப்பவர் அரசர், பறிப்பவரும் அரசர்தான். ஆனால் ஒரு குடும்பம் ஊன்றிவிட்டால் அது நடைமுறையில் பரம்பரைச் சொத்தாகிவிடும்.

ஆல்பிரெக்டுக்கு 1134-ல் கிடைத்தது நோர்ட்மார்க், அதாவது வடக்கு எல்லை. ஏட்டில் அது எல்பே ஆற்றைத் தாண்டிக் கிழக்கே ஓடர் ஆறு வரை போகும். கையில் இருந்ததோ ஆற்றுக்கு மேற்கே ஷ்டெண்டால், டாங்கர்முண்டே, சால்ஸ்வேடல் பக்கத்துத் துண்டு நிலம் மட்டும். மீதியெல்லாம் காகிதத்தில்தான்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் யார் இருந்தாங்க? நாகரிகமே இல்லாத காட்டு ஜனங்கதானா?

அப்படி எழுதியவர்கள் அவர்களுடைய எதிரிகள். அங்கே இருந்தவர்கள் மேற்கு ஸ்லாவியர், ஜெர்மானியர் அவர்களைப் பொதுவாக வெண்டர் என்றார்கள். ஹாஃபெல் ஆற்றங்கரையில் ஹெவெல்லியர், இன்றைய பெர்லினின் கிழக்கே ஷ்ப்ரேவானியர், வடமேற்கில் ஓபோத்ரியர், வடகிழக்கில் லூடிசியர் என்று பல கூட்டங்கள். தானியம் விதைத்தார்கள், மீன் பிடித்தார்கள், தேன் எடுத்தார்கள், தோலும் அடிமைகளும் விற்றார்கள். கோட்டை கட்டுவதில் கெட்டிக்காரர்கள். மரச்சட்டங்களை அடுக்கி உள்ளே மண்ணைக் கொட்டி, வட்டமாக மதில் எழுப்பி, சுற்றிலும் ஆறோ சதுப்போ இருக்கும்படி இடம் பார்த்துக் கட்டுவார்கள்.

ஹெவெல்லியரின் தலைமைக் கோட்டையான பிராண்டன்பர்க் அப்படிப்பட்ட ஆற்றுத் தீவு. 928–929 குளிர்காலத்தில் முதலாம் ஹைன்ரிஷ் அரசர் ஆறு உறையும்வரை காத்திருந்து, பனிக்கட்டி மேலேயே பாளையமடித்துத்தான் அதைப் பிடித்தார். 948-ல் அங்கே கிறிஸ்தவ ஆயர் பீடமும் வந்தது. 983-ல் ஸ்லாவியர் கிளர்ந்தெழுந்து ஹாஃபெல்பர்க்கையும் பிராண்டன்பர்க்கையும் சூறையாடினார்கள். அதற்கப்புறம் சுமார் 150 ஆண்டுகள் அந்த ஊர்களின் ஆயர்கள் பேருக்கு ஆயர்கள். தங்கள் பீடத்தில் உட்கார முடியாமல் ஆற்றுக்கு மேற்கே காலம் தள்ளினார்கள்.

அப்போ இது கிறிஸ்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் நடந்த மதச் சண்டைதானே?

மதம் உண்டு. ஆனால் அதை மட்டும் வைத்துப் பார்த்தால் கணக்கு உதைக்கும். 1003-ல் இரண்டாம் ஹைன்ரிஷ் அரசர், பின்னாளில் புனிதர் பட்டம் பெற்றவர், யாரோடு கூட்டு வைத்தார் தெரியுமா? பழைய தெய்வங்களை வணங்கிய லூடிசியரோடு. யாரை எதிர்த்து? கிறிஸ்தவப் போலந்தின் போலெஸ்வாவை எதிர்த்து. அந்தக் காலத்துத் துறவிகளே இதைப் பார்த்து முகம் சுளித்தார்கள்.

எல்லையில் இருந்தவர்களுக்கு முதல் கவலை கப்பம், இரண்டாவது கோட்டை, மூன்றாவது திருமண உறவு. ஸ்லாவியப் பிரபுக்களில் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள், அவர்களின் குடிமக்களில் பெரும்பாலோர் அப்படி இல்லை. பிராண்டன்பர்க்கிலேயே ஆட்சியாளர் ஞானஸ்நானம் பெற்றவர், ஊர்க் குன்றின் மேலோ ட்ரிக்லாவ் என்ற மூன்று தலைத் தெய்வத்துக்கு வழிபாடு. இரண்டும் கூப்பிடு தூரத்தில்.

‘கரடி’ங்கிற பட்டப்பெயர் எப்படி வந்தது? பெர்லின் கொடியில இருக்கிற கரடி இவர்தானா?

பட்டப்பெயர் பழசுதான். அதே நூற்றாண்டில் வாழ்ந்த ஹெல்மோல்ட் என்ற பாதிரியார் தன் வரலாற்றுக் குறிப்பில் இவரைக் கரடி என்றே எழுதுகிறார். எதிராளிக்குச் ‘சிங்கம்’ என்று பெயர் இருந்ததால் இவர் தரப்புக்கும் ஒரு விலங்கு வேண்டியிருந்திருக்கும் என்பது என் ஊகம். அந்தச் சிங்கத்தைப் பற்றிப் பின்னால் வரும்.

பெர்லினை இவர் கட்டவில்லை. பெர்லினின் இரட்டை ஊரான கோல்ன் 1237-லும் பெர்லின் 1244-லும்தான் முதன்முதலாக ஆவணத்தில் தலைகாட்டுகின்றன. இவர் இறந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. நகர முத்திரையில் கரடி வருவது 1280-ல்.

சின்ன வயசுலேயே பெரிய வெற்றி எல்லாம் பெற்றாராமே?

நேர்மாறு. முதல் பதினைந்து ஆண்டுகள் அடிமேல் அடி. 1123-ல் அப்பா இறந்தார். அதே சமயத்தில் சாக்சனி டியூக் லோத்தரின் உதவியோடு, பேரரசரின் விருப்பத்துக்கு விரோதமாக, தெற்கு எல்லையான லவுசிட்ஸைக் கைப்பற்றினார். 1125-ல் அதே லோத்தர் அரசரானார். அடுத்த ஆண்டே அரசரோடு பொஹீமியாவுக்குள் (இன்றைய செக் நாடு) போரிடப் போய், ஹ்லுமெட்ஸ் போரில் தோற்றுச் சிறைப்பட்டார், விரைவில் விடுதலையானார்.

அடுத்தது தானாகத் தேடிக்கொண்ட வினை. நோர்ட்மார்க் மீது இவருக்கு ஒரு கண். அதற்குப் போட்டியாளர் ஃப்ரெக்லெபன் பிரபு உடோ. 1130-ல் ஆல்பிரெக்டின் ஆட்கள் உடோவைக் கொன்றார்கள். லோத்தர் அதைச் சும்மா விடவில்லை. நோர்ட்மார்க் வேறொருவருக்குப் போனது, 1131-ல் லவுசிட்ஸும் பறிபோனது.

அப்புறம்தான் நம்மாள் பொறுமையைக் கற்றுக்கொண்டார். 1132-ல் பேரரசர் முடிசூட இத்தாலிக்குக் கிளம்பிய லோத்தரோடு தானும் போனார். நோர்ட்மார்க்கை வைத்திருந்த கொன்ராட் அந்தப் பயணத்திலேயே அம்பு பட்டு இறந்தார். திரும்பி வந்ததும் 1134-ல் பதவி ஆல்பிரெக்டிடம் வந்தது.

ஒரு ஸ்லாவிய ராஜா தன் நாட்டை எதிரியான ஆல்பிரெக்டுக்கே எழுதி வச்சாராமே, ஏன்? மிரட்டலா?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதலாம். அந்த அரசர் பிரிபிஸ்லாவ், ஞானஸ்நானப் பெயர் ஹைன்ரிஷ். ஹெவெல்லியரின் தலைவர், பிராண்டன்பர்க் கோட்டைக்காரர். ஆல்பிரெக்டின் மூத்த மகன் ஓட்டோவுக்கு ஞானத்தந்தை இவர்தான். ஞானஸ்நானப் பரிசாக ஹாஃபெல் ஆற்றுக்குத் தெற்கே உள்ள ட்சௌகே பகுதியைக் குழந்தைக்குக் கொடுத்தார். ஆல்பிரெக்ட் நோர்ட்மார்க்குக்கு வருவதற்கு முன்பே நடந்த காரியம் இது என்றுதான் பெரும்பாலும் கருதுகிறார்கள். ஒரு கிழக்குக்கரைத் தலைவர் மேற்குக்கரைப் பிரபுவின் குழந்தையைக் கையில் ஏந்தி ஞான உறவு கொண்டாடுகிறார். இப்படி உறவானவர்களை ‘எதிரி’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட முடியாது.

பிரிபிஸ்லாவின் நிலைமையைப் பாருங்கள். பிள்ளை இல்லை. தானும் மனைவி பெட்ரிஸாவும் கிறிஸ்தவர்கள், குடிமக்களில் பலர் அந்த மாற்றத்தை விரும்பவில்லை. தனக்குப் பின் உறவுக்காரர் எவராவது வந்தால் பழைய வழிபாடு திரும்பும், தேவாலயங்கள் போகும், பெட்ரிஸாவின் பாதுகாப்பும் கேள்விக்குறி. ஞானமகனின் அப்பாவோ பக்கத்திலேயே படையோடு இருக்கிறார். மிரட்டல் அறவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், வலுத்தவன் பக்கத்து வீட்டில் இருந்தால் அதுவே பாதி மிரட்டல். ஆனால் பிரிபிஸ்லாவ் ஏமாந்தவர் அல்ல, கணக்குப் பார்த்து முடிவெடுத்தவர்.

எல்லை வேலையை விட்டுட்டு சாக்சனி டியூக் பதவிக்கு ஏன் ஓடினார்?

முதல் பதிலில் சொன்ன தாத்தா சொத்து. மாக்னுஸ் 1106-ல் இறந்ததும் அரசர் அவருடைய இரண்டு மருமகன்களையும் விட்டுவிட்டு லோத்தரை டியூக் ஆக்கினார். 1112-ல் ஆல்பிரெக்டின் அப்பா ஓட்டோ சில மாதங்கள் டியூக்காக இருந்து பதவியிலிருந்து நீக்கப்பட்டார். 1137 டிசம்பரில் லோத்தர் இறந்தபோது, அவர் மருமகனும் பவேரியா டியூக்குமான ‘செருக்கர்’ ஹைன்ரிஷ் சாக்சனியையும் வைத்துக்கொண்டார். இந்த ஹைன்ரிஷ் வேறு யாரும் இல்லை, ஆல்பிரெக்டின் பெரியம்மா மகன்.

1138-ல் புதிய அரசர் மூன்றாம் கொன்ராட், இவ்வளவு பலமான ஆள் தனக்கு ஆகாது என்று ஹைன்ரிஷின் பதவியைப் பறித்து ஆல்பிரெக்டிடம் சாக்சனியைக் கொடுத்தார். கொடுப்பது சுலபம், எடுத்துக்கொள்வது இவர் பாடு. சாக்சன் பிரபுக்கள் பெரும்பாலும் ஹைன்ரிஷ் பக்கம் நின்றார்கள். பெர்ன்பர்க்கில் இருந்த ஈலிக்காவின் கோட்டையை எரித்தார்கள், அந்த அம்மாள் அங்கிருந்து ஊரைப் படுத்திய பாடு பொறுக்காமல் எரித்ததாக அக்காலக் குறிப்பு காரணமும் சொல்கிறது. அறுபதை நெருங்கிய ஒரு விதவையைப் பார்த்து இத்தனை பேர் பயந்திருக்கிறார்கள். ஆல்பிரெக்ட் தன் சொந்த ஊரிலேயே இருக்க முடியாமல் அரசரிடம் அடைக்கலம் போனார். குடும்பக் கோட்டையான அன்ஹால்ட்டும் தரைமட்டமானது.

1139 அக்டோபரில் ஹைன்ரிஷ் திடீரென்று இறந்தார். இனி வழி பிறக்கும் என்று பார்த்தால், அவருடைய சிறுவயது மகனுக்காகப் பாட்டி ரிஷென்ஸா களத்தில் இறங்கினார். அந்தச் சிறுவன்தான் பின்னாளில் ‘சிங்கம்’ ஹைன்ரிஷ். கடைசியில் 1142-ல் ஃப்ராங்க்ஃபர்ட்டில் சமாதானம். சாக்சனி சிறுவனுக்கு, எல்லையும் பழைய நிலங்களும் ஆல்பிரெக்டுக்கு. எல்லையில் அவர் முழுமனதோடு இறங்கியது இதற்கப்புறம்தான். மேற்கே கதவு சாத்தியதால் கிழக்கே திரும்பினார் என்பது என் கட்சி.

1147-ல சிலுவைப்போர்னு போய் ஒரு கிறிஸ்தவ ஊரையே முற்றுகை போட்டாங்களாமே, நிஜமா?

நிஜம். இரண்டாம் சிலுவைப்போருக்கு ஆள் திரட்டிய கிளேர்வோ மடத்துத் தலைவர் பெர்னார்ட், ஜெருசலேம் வரை போக விரும்பாத சாக்சன் பிரபுக்களுக்குப் பக்கத்திலேயே ஒரு போரைக் காட்டினார்: ஸ்லாவியர் மீது போங்கள், மதம் மாறும்வரை அல்லது ஒழியும்வரை அவர்களோடு சமாதானம் கூடாது. இரண்டு படைகள் கிளம்பின. ‘சிங்கம்’ ஹைன்ரிஷ் இருந்த படை வடக்கே நிக்லோத் என்ற ஓபோத்ரியத் தலைவரின் டோபின் கோட்டைக்குப் போனது. ஆல்பிரெக்டும் ஆயர்கள் பலரும் இருந்த படை மாக்டெபர்க்கிலிருந்து டெமினுக்கும், அப்புறம் ஷ்டெட்டினுக்கும் போனது.

ஷ்டெட்டினில்தான் சங்கடம். இருபது ஆண்டுகளுக்கு முன்பே பாம்பெர்க் ஆயர் ஓட்டோ வந்து அந்த ஊருக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். முற்றுகையைப் பார்த்த ஊர்க்காரர்கள் மதிலின் மேல் சிலுவைகளை நட்டார்கள். அவர்களுடைய ஆயரே தூதோடு இறங்கி வந்து, எங்களிடம் எதற்காக வந்தீர்கள், விசுவாசத்தை உறுதிப்படுத்த என்றால் படைக்குப் பதிலாகப் போதகர்களை அனுப்பியிருக்கலாமே என்ற பொருளில் கேட்டார். பேசித் தீர்த்துக்கொண்டு படை திரும்பியது. சாக்சன்கள் போனது நிலத்துக்காக என்று பிராகாவைச் சேர்ந்த ஒரு திருச்சபைக் குறிப்பாளரே எழுதிவைத்தார்.

டோபினில் நடந்தது இன்னும் வெளிப்படை. ஹைன்ரிஷ், ஆல்பிரெக்ட் இருவரின் ஆட்களும் முணுமுணுத்ததாக ஹெல்மோல்ட் எழுதுகிறார்: நாம் அழிப்பது நம் நிலம்தானே, கொல்வது நமக்குக் கப்பம் கட்டும் ஜனங்களைத்தானே, நம் வருமானத்தை நாமே கெடுப்பானேன்? எல்லைப் பொருளாதாரத்தை இதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதில்லை. ஆல்பிரெக்டுக்கு இந்தப் போரில் உருப்படியாகக் கிடைத்தது ஹாஃபெல்பர்க் பக்கத்தில் உறுதியான காலூன்றல்.

பிரிபிஸ்லாவ் செத்ததை அவர் மனைவி மூணு நாள் மறைச்சு வச்சாங்களாம். கட்டுக்கதை மாதிரி இருக்கே?

பிராண்டன்பர்க் தேவாலயத்தோடு தொடர்புடைய ஹைன்ரிஷ் என்ற துறவியின் குறிப்பில் இது இருக்கிறது. நடந்த சில பத்தாண்டுகளுக்குள் எழுதியது. 1150-ல் பிரிபிஸ்லாவ் இறந்தார். பெட்ரிஸா உடலை அடக்கம் செய்யாமல் மூன்று நாள் வைத்திருந்து, ஆல்பிரெக்டுக்கு ஆள் அனுப்பினார். அவர் படையோடு வந்து சேர்ந்து, அரசருக்குரிய மரியாதையோடு அடக்கம் செய்து, கோட்டையை எடுத்துக்கொண்டார்.

இதை நம்புவதில் எனக்குச் சிரமம் இல்லை. இறந்த செய்தி முதலில் உறவினர் காதுக்குப் போனால் என்ன நடக்கும் என்பது பெட்ரிஸாவுக்குத் தெரியும். எழுதியவர் ஆல்பிரெக்டின் உரிமையை நியாயப்படுத்தவே எழுதினார் என்பதும் உண்மை. ஆனால் நியாயப்படுத்த வேண்டும் என்றால் மறைத்து வைத்த கதையைச் சேர்த்திருக்க வேண்டியதில்லை. ஊர் முழுக்க ஆல்பிரெக்டை எதிர்பார்த்துக் காத்திருக்கவில்லை என்பதை அது காட்டிக்கொடுத்துவிடுகிறது.

கோட்டை கைக்கு வந்த பிறகு அதை எப்படி விட்டார்?

லஞ்சத்தில். கோட்டைக் காவலுக்கு ஆல்பிரெக்ட் சாக்சன்களையும் ஸ்லாவியர்களையும் கலந்து நிறுத்தியிருந்தார். அவர் வேறு வேலையாக வெளியே இருந்தபோது, பிரிபிஸ்லாவின் உறவினரான யாக்ஸா காவலர்களுக்குப் பணம் கொடுத்து இரவில் கதவைத் திறக்க வைத்தார். துறவியின் குறிப்பு யாக்ஸாவைப் போலந்தில் ஆட்சி செய்தவர் என்கிறது. நாணயங்களில் இருக்கும் பெயர் ‘கோபெனிக் யாக்ஸா’. கோபெனிக் இன்று பெர்லினின் தென்கிழக்குப் பகுதி.

அந்த நாணயங்களைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். ஒரே பக்கம் அச்சடித்த மெல்லிய வெள்ளித் தகடு. முன்னால் புடைப்பு, பின்னால் அதே உருவம் குழியாகத் தெரியும். விரலால் அழுத்தினால் வளைந்துவிடும். அதில் தாடி வைத்த ஓர் ஆள், கையில் வாள், சுற்றிலும் லத்தீன் எழுத்தில் பெயர், சில நாணயங்களில் சிலுவை. பழைய தெய்வங்களுக்காக எழுந்த கடைசிப் போராளி என்று பிற்காலக் கதைகள் கட்டிய யாக்ஸா, தன் நாணயத்தில் கிறிஸ்தவப் பிரபுவாகத்தான் நிற்கிறார். ஆல்பிரெக்டின் நாணயமும் இதே பாணிதான். ஒரு வகையில் அவர் பக்கத்திலேயே மனைவி சோஃபியும் நிற்கிறார். பிரிபிஸ்லாவ் நாணயத்தில் பெட்ரிஸா பெயர் இருக்கிறது. மூன்று பேரின் காசையும் கலந்து கொடுத்தால், எது ஜெர்மானியருடையது, எது ஸ்லாவியருடையது என்று எழுத்தைப் படிக்காமல் பிரிப்பது கஷ்டம்.

அப்புறம் எப்படித் திரும்பப் பிடித்தார்? 1157 ஜூன் 11-ஐ ஏன் கொண்டாடுறாங்க?

மாக்டெபர்க் பேராயர் விக்மனோடு சேர்ந்து. கோட்டையைப் பல பக்கமிருந்து சூழ்ந்தார்கள், இரண்டு தரப்பிலும் ரத்தம் சிந்தியது. முடிவில் கோட்டைக்குள் இருந்தவர்கள் பேச்சுவார்த்தை நடத்திச் சரணடைந்தார்கள். அந்த நாள்தான் 1157 ஜூன் 11. அதே ஆண்டு அக்டோபர் 3-ஆம் தேதியிட்ட ஆவணத்தில் ஆல்பிரெக்ட் ‘பிராண்டன்பர்க்கின் மார்க்ரேவ்’ என்று அழைக்கப்படுகிறார். பழைய வடக்கு எல்லை என்ற பெயர் மெல்ல மறைந்தது.

அதனால் ஜூன் 11-ஐப் பிராண்டன்பர்க்கின் பிறந்தநாளாக வைத்திருக்கிறார்கள். வசதிக்கு ஒரு தேதி வேண்டும், சரி. ஆனால் அன்று அவர் கையில் வந்தது ஹாஃபெல் பகுதிதான். கோபெனிக் பக்கமும் ஓடர் ஆறு வரையிலான நிலமும் சேர்ந்தது பேரன், கொள்ளுப்பேரன் காலத்தில்.

இவ்வளவு சண்டைக்கு நடுவுல புனிதப் பயணம் எல்லாம் போனாராமே?

போனார். கோட்டை கைவந்த மறு ஆண்டே, 1158-ல், சோஃபியோடு புனித பூமிக்கு. திரும்பி வந்த பின் எல்பே கரையில் வெர்பென் தேவாலயத்தையும் நிலத்தையும் 1160-ல் செயின்ட் ஜான் மருத்துவச் சபை வீரர்களுக்குத் தானம் செய்தார். ஜெருசலேமில் யாத்ரீகர்களைக் கவனித்துக்கொண்ட சபை அது. அதே ஆண்டு சோஃபி இறந்துவிட்டார்.

குடியேற வந்த ஹாலந்துக்காரங்க யாரு? ஏன் வந்தாங்க?

1157-க்கு அப்புறம் ஆல்பிரெக்ட் செய்த வேலைகளில் நீடித்து நின்றது இதுதான். உட்ரெக்டுக்கும் ரைன் கரைக்கும் ஆள் அனுப்பி, கடல் வெள்ளத்தால் அல்லல்பட்ட ஹாலந்து, ஸேலாந்து, ஃப்ளாண்டர்ஸ் மக்களை அழைத்து வந்ததாக ஹெல்மோல்ட் எழுதுகிறார். தண்ணீரோடு பழகியவர்கள். கரை போடவும் வாய்க்கால் வெட்டிச் சதுப்பை வடிக்கவும் தெரிந்தவர்கள். எல்பே–ஹாஃபெல் தாழ்நிலத்துக்கு வேறென்ன வேண்டும்? பிராண்டன்பர்க்குக்குத் தெற்கே உள்ள மேட்டுப்பகுதிக்கு இன்றும் ஃப்ளெமிங் என்றுதான் பெயர்.

ஏற்பாடு இப்படி இருக்கும். பிரபு ஒரு தரகரோடு ஒப்பந்தம் போடுவார். தரகர் குடும்பங்களைத் திரட்டி, நிலத்தை அளந்து பிரித்து, ஊரை நிறுவுவார். பதிலுக்குத் தரகருக்குப் பெரிய பங்கும் ஊர்த் தலைமையும் நியாயம் தீர்க்கும் வருமானத்தில் ஒரு பகுதியும். பேராயர் விக்மன் 1159-ல் வுஸ்டர்விட்ஸ் ஊருக்கு இப்படிப் போட்ட ஒப்பந்தம் இன்றும் படிக்கக் கிடைக்கிறது. குடியேறியவர்களுக்குப் பரம்பரை உரிமையோடு நிலம், வரியோ முன்கூட்டியே பேசி வைத்தது. பழைய ஊரில் பிரபுவின் இஷ்டத்துக்கு வேலை செய்து நொந்தவர்களுக்கு இது போதும், மூட்டை கட்டிவிட்டார்கள். ஷ்டெண்டாலுக்கு ஆல்பிரெக்ட் சந்தை உரிமை கொடுத்து, அந்த ஊர் வியாபாரிகளுக்குத் தன் மற்ற ஊர்களில் சுங்கத்தை நீக்கினார்.

அங்கேயே இருந்த ஸ்லாவியர்கள் என்ன ஆனாங்க? கொன்னுட்டாங்களா, துரத்திட்டாங்களா?

ஹெல்மோல்ட் அப்படித்தான் எழுதுகிறார்: ஸ்லாவியர் எல்லா இடத்திலும் நசுக்கப்பட்டு விரட்டப்பட்டார்கள் என்று. அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். போரில் செத்தவர்கள், ஊரை விட்டுப் போனவர்கள் உண்டு, அதை மூடி மறைக்க முடியாது. ஆனால் கப்பம் கட்டும் குடியை அழித்தால் யாருக்கு நஷ்டம் என்று அவர்கள் கேட்டதைச் சிலுவைப்போர் பதிலில் பார்த்தோம். பெரும்பாலோர் அங்கேயே இருந்தார்கள். கோட்டைக்குப் பக்கத்தில் ‘கீட்ஸ்’ என்ற மீனவர் குடியிருப்புகளில் பலரை வைத்தார்கள். ஸ்லாவியப் பிரபுக் குடும்பங்கள் சில ஜெர்மானியப் பிரபுக்களோடு சம்பந்தம் செய்து கலந்துவிட்டன.

அந்தஸ்தில் சமம் இல்லை. பல ஊர்களில் தொழில் சங்கங்களில் சேர, ஜெர்மானியப் பெற்றோருக்குப் பிறந்தவர் என்று காட்டவேண்டிய விதி பிற்காலத்தில் வந்தது. மொழி சில தலைமுறைகளில் பின்வாங்கியது. முழுக்கப் போய்விடவும் இல்லை: ஆல்பிரெக்ட் இளவயதில் இழந்த அந்த லவுசிட்ஸ் பக்கத்தில், பௌட்சனிலும் கோட்புஸிலும், சோர்பிய மொழி இன்றும் பேசப்படுகிறது, பள்ளியில் கற்பிக்கப்படுகிறது.

கடைசியில சிங்கத்துக்கும் கரடிக்கும் சண்டையில யார் ஜெயிச்சாங்க?

ஆல்பிரெக்ட் உயிரோடு இருந்தவரை சிங்கம். ‘சிங்கம்’ ஹைன்ரிஷ் 1150-களில் சாக்சனி, பவேரியா இரண்டுக்கும் டியூக் ஆகி, அரசரையே மிரட்டும் அளவுக்கு வளர்ந்தார். 1166 வாக்கில் சாக்சன் பிரபுக்கள் அவருக்கு எதிராகக் கூடியபோது, அறுபது தாண்டிய ஆல்பிரெக்ட் அதில் முன்வரிசையில் நின்றார், கூடவே பழைய தோழர் விக்மன். பேரரசர் பார்பரோசா தலையிட்டு அடக்கினார், ஹைன்ரிஷ் அசையவில்லை.

ஆனால் 1180-ல் அதே பேரரசர் ஹைன்ரிஷின் பதவிகளைப் பறித்தார். சாக்சனி டியூக் பட்டம் யாருக்குப் போனது? ஆல்பிரெக்டின் கடைசி மகன் பெர்ன்ஹார்டுக்கு. நிலம் பாதிதான் மிஞ்சியிருந்தது, பட்டம் பட்டம்தானே. அப்பா பத்து வருஷம் முன்பே கண்மூடிவிட்டார்.

பிரஷ்ய ராஜாக்கள் எல்லாம் இவர் வம்சம்தானே?

நேர் வாரிசுகள் இல்லை. ஆல்பிரெக்டுக்கு ஏழு மகன்கள். மூத்தவர் ஓட்டோ பிராண்டன்பர்க்கை எடுத்துக்கொண்டார், சீக்ஃப்ரீட் பிராண்டன்பர்க் ஆயராகிப் பின் பிரேமன் பேராயரானார், பெர்ன்ஹார்ட் கதை மேலே. பிராண்டன்பர்க் கிளை 1320-ல் ஒரு சிறுவனின் சாவோடு அற்றுப்போனது. அதற்கப்புறம் விட்டல்ஸ்பாக், லக்சம்பர்க் குடும்பங்கள் கைமாற்றி, 1415-ல்தான் ஹோஹென்ஸோலர்ன்கள் வந்தார்கள். பிரஷ்ய அரசர்கள் அவர்கள் வழி.

பெர்ன்ஹார்டின் கிளை அன்ஹால்ட்டில் 1918 வரை ஆண்டது. ரஷ்யாவின் பேரரசி இரண்டாம் கேத்தரின் பிறந்தது அன்ஹால்ட்–ஸெர்ப்ஸ்ட் குடும்பத்தில். ஸ்லாவியரோடு எல்லைத் தகராறு செய்தவரின் வம்சத்துப் பெண் ஸ்லாவியப் பேரரசு ஒன்றை ஆண்டிருக்கிறாள்.

அவரை ஹீரோவா பார்க்கணுமா, வில்லனாவா?

19-ஆம் நூற்றாண்டு ஜெர்மானியருக்கு இதில் சந்தேகமே இல்லை. இரண்டாம் வில்லெல்ம் பேரரசர் பெர்லினில் அமைத்த வெற்றி நிழற்சாலையின் சிலை வரிசையில் முதல் சிலை ஆல்பிரெக்ட்தான், 1898-ல் திறந்தது. கையில் சிலுவையை உயர்த்திப் பிடித்து நிற்பார். கிழக்கே ஜெர்மானிய நாகரிகத்தைக் கொண்டுபோனவர் என்பது அன்றைய பாடம். அந்தப் பாடம் பின்னால் எங்கே கொண்டுபோய் விட்டது என்று தெரியும்.

அந்தச் சிலையில் பிரிபிஸ்லாவ் கொடுத்த ட்சௌகேக்கு இடமில்லை, லஞ்சத்துக்கும் உடோவின் கொலைக்கும் இல்லை, ஷ்டெட்டின் மதில் சிலுவைகளுக்கும் இல்லை. என்னைக் கேட்டால், அதிர்ஷ்டம் கெட்ட இடங்களில் பிடிவாதமும், உறவு கிடைத்த இடத்தில் சாமர்த்தியமும் காட்டிய பேராசைக்கார நிலப்பிரபு. அந்தக் காலத்துப் பிரபுக்களில் விதிவிலக்கும் இல்லை.

நேர்ல பார்க்க எங்கே போகணும்?

கல்லறை பல்லென்ஷ்டெட்டில், பழைய மடத்துத் தேவாலயம் இருந்த அரண்மனையில். ஹாஃபெல் கரையில் உள்ள பிராண்டன்பர்க்குக்குப் பெர்லினிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். கோட்டை இருந்த தீவில் இப்போது நிற்பது 1165-ல் அடிக்கல் நாட்டிய தேவாலயம், மண்மதில் எதுவும் வெளியே தெரியாது. வெற்றி நிழற்சாலைச் சிலை பெர்லினின் ஷ்பாண்டாவ் கோட்டை அருங்காட்சியகத்தில், மற்ற ஓய்வுபெற்ற சிலைகளோடு இருக்கிறது. ஒருநாள்தான் நேரம் என்றால் பிராண்டன்பர்க்குக்கே போங்கள்.